பதினேழு பிள்ளைகள், ஒரு பட்டை: தொடக்கப்பள்ளி ஒன்றின் இனவாரிக் கணித முடிவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் உள்ள ஓர் அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் 2022 இறுதியிலிருந்து 2024 நவம்பர் வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. இதை எழுதுபவர் அந்தக் காலத்தில் அங்கே தமிழ் கற்பித்தவர். பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை. பிள்ளைகளையும் பெற்றோரையும் யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பள்ளியைச் சுற்றியிருப்பவை பெரும்பாலும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள். அவற்றில் சில, ஓரறை ஈரறை வாடகை வீடுகள் கொண்டவை. சாலைக்கு அந்தப் பக்கம் சில ஆண்டுகளுக்கு முன்பு, வாங்குவோர் முன்பதிவு செய்தபின் வீவக கட்டித்தரும் பிடிஓ வீடுகள் எழும்பி, நாலறை, ஐந்தறை வீடுகளில் இளம் குடும்பங்கள் குடியேறின. தொடக்கநிலை 1 சேர்க்கையில் இடத்துக்குப் போட்டி வந்தால் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே சாலையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். வீவக பேட்டைகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருப்பதால் அக்கம்பக்கப் பள்ளிகள் பலவற்றின் இனக் கலவை நாட்டின் கலவையை ஒட்டியே இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வசிப்போரில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. எங்கள் பள்ளியிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு நிலையில் சுமார் 160 பிள்ளைகள். அவர்களில் இந்தியர் பதினைந்து, பதினேழு பேர்.

ஆய்வுக்குரிய பிள்ளைகள் 2019இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்தவர்கள். அவர்கள் தொடக்கநிலை 2இல் இருந்தபோது கொவிட் வந்தது. 2020 ஏப்ரல் 8 முதல் வீட்டிலிருந்தே கற்றல். பிறகு ஜூன் விடுமுறையை மே 5க்கே கொண்டுவந்து, ஜூன் 1 வரை பள்ளிக் கதவு மூடியிருந்தது. மறு ஆண்டு மே மாதத்திலும் செப்டம்பர் இறுதியிலும் மறுபடி வீட்டுக்கு அனுப்பினோம். கணிதத்தில் பின்னம் அறிமுகமாவது தொடக்கநிலை 2இல், சமப் பின்னங்கள் 3இல், கலப்புப் பின்னங்கள் 4இல். இந்த மூன்று படிகளில் முதல் இரண்டும் கொவிட் ஆண்டுகளில் விழுந்தன. பிறகு நடந்தவற்றுக்கு இது முக்கியம்.

திரையில் தெரிந்தது

2022 நவம்பரில், ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிறகான ஆசிரியர் கூட்டத்தில் தொடக்கநிலை 4இன் கணிதச் சராசரியை இனவாரியாகப் பிரித்து ஒரு பட்டை வரைபடம் காட்டப்பட்டது. நான்கு பட்டைகள். இந்திய மாணவர்களின் பட்டை எல்லாவற்றிலும் குட்டை: நிலையின் சராசரி 66, அவர்களுடையது 59. கூட்டத்தில் பலர் தமிழாசிரியர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் கணிதம் கற்பிப்பதில்லை என்பது அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை போலும்.

கல்வி அமைச்சு இனவாரியான தேர்ச்சி விவரங்களை நாடு முழுமைக்குமாக வெளியிட்டு வந்திருக்கிறது. பள்ளிவாரிச் சராசரிகளை அது வெளியிடுவதில்லை; தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கமும் 2012இல் நின்றுபோனது. ஆனால் பள்ளிக்குள், ஆசிரியர் அறைக்குள், இப்படிப்பட்ட வரைபடங்கள் புழங்கத்தான் செய்கின்றன. பல்லாயிரம் பேரைக் கொண்டு கணக்கிடும் தேசியச் சராசரியைப் படிக்கிற அதே கண்ணால் பதினேழு பேரின் சராசரியையும் படித்துவிடுகிறோம்.

அன்று இரண்டு கருத்துகள் எழுந்தன. ஒன்று, இந்தியப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலத்தில் வரும் கணக்குகளைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள் என்பது. மற்றது, சனிக்கிழமைகளில் இந்திய மாணவர்களுக்கு மட்டும் பள்ளியே கூடுதல் கணித வகுப்பு நடத்த வேண்டும் என்பது. இரண்டும் நல்லெண்ணத்தில் சொன்னவைதான். பள்ளி முதல்வர் உடனே தீர்மானிக்கவில்லை. கணிதத் துறைத் தலைவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து பிள்ளைவாரியாகப் பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். அந்தத் தமிழாசிரியர் நான்.

பிள்ளைவாரியாகப் பார்த்தபோது

பதினேழு பெயர்களையும் ஒரே தாளில் எழுதினோம். முதலில் கண்ணில் பட்டது, ‘இந்தியர்’ என்ற பிரிவும் என் தமிழ் வகுப்பும் ஒன்றல்ல என்பது. பதினேழு பேரில் தமிழ் படிப்பவர்கள் பத்துப் பேர்தான். நான்கு பேர் இந்தி, ஒருவர் பஞ்சாபி. தாய்மொழிப் பாடமாக இந்தி, பஞ்சாபி, உருது, வங்காளம், குஜராத்தி ஆகியவற்றை எடுக்க 1990களிலிருந்து வழி இருக்கிறது. இன்னும் இருவர் இந்திய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள், மலாய் படிக்கிறார்கள். பட்டையைப் பார்த்து எங்கள் பக்கம் திரும்பியவர்கள், நாங்கள் வகுப்பில் பார்த்தே இராத ஏழு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

அடுத்தது மதிப்பெண். பன்னிரண்டு பேரின் சராசரி 69, அதாவது நிலையின் சராசரிக்கும் மேல். மீதி ஐவரின் சராசரி 35. பட்டையைக் கீழே இழுத்தவர்கள் அந்த ஐவர்தான். 59 என்ற எண்ணுக்கு அருகில் உண்மையில் மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஒருவர்கூட இல்லை.

வீட்டுமொழிக் கருத்தும் நிற்கவில்லை. 2010இல் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசிய இந்தியர் 41.6 விழுக்காடு, 2020இல் அது 59.2. எங்கள் பிள்ளைகளிலும் அப்படியே. வீட்டில் முழுக்கத் தமிழ் பேசுபவர்கள் மூவர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தகவல் தொழில்நுட்பக் குடும்பங்கள். அப்பாவோ அம்மாவோ மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டும் வீடுகள். அந்த மூவருமே 85க்கு மேல். மறுபுறம் ஐவரின் வீடுகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. மூன்று, நான்கு தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்கள். பாட்டியோடு பேசும்போது தமிழோ மலாயோ கலந்து வரும், அவ்வளவுதான். என் வகுப்பில் ‘ஆசிரியர், இதுக்குத் தமிழ்ல என்ன?’ என்று அடிக்கடி கேட்பவர்களும் அவர்களில் தமிழ் படிப்பவர்களே.

மூன்றாவதாகப் பார்த்தது, என் மதிப்பீட்டில், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. தொடக்கநிலை 4 முழுவதிலும் கணிதத்தில் 50க்குக் கீழே வாங்கியவர்கள் முப்பது பேர் இருக்கும். அவர்களில் இந்தியர் ஐவர். சீனப் பிள்ளைகளே எண்ணிக்கையில் கூடுதல். ஏனென்றால் பள்ளியில் அவர்களே பெரும்பான்மை. அவர்களுடைய பட்டை உயரமாக இருந்ததால் அதற்குள் இருந்தவர்களை யாரும் தேடவில்லை. இந்தியர்களுக்கு மட்டும் சனிக்கிழமை வகுப்பு வைத்திருந்தால், தேவையில்லாத பன்னிரண்டு பேரை வரவழைத்திருப்போம்; தேவைப்பட்ட இருபத்தைந்து பேரை விட்டிருப்போம்.

காலை ஏழரை மணி

ஐவரின் வருகைப் பதிவையும் எடுத்துப் பார்த்தோம். பள்ளிகளில் இது எளிதாகச் செய்துவிடக்கூடிய காரியமில்லை. மதிப்பெண் கணிதத் துறையிடம் இருக்கும். தாமதச் சீட்டு ஒழுக்க ஆசிரியரிடம் இருக்கும். நிதியுதவித் திட்ட விவரம் அலுவலகத்தில். இந்த மூன்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் வழக்கம் எங்கள் பள்ளியில் அதுவரை இல்லை.

ஐவரில் மூவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமாக வந்தவர்கள். அவர்களில் ஒரு பையனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கணிதத்தில் 38. அவனுடைய தேர்வுத்தாளைப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. முழு எண்களில் வரும் பிரச்சினைக் கணக்குகளுக்கு அடிக்கோல் வைத்து அழகாகக் கட்டம் வரைந்து விடை கண்டிருந்தான். பின்னம் வந்த இடமெல்லாம் வெறுமை, அல்லது தவறு. 1/3ஐயும் 1/6ஐயும் கூட்டச் சொன்னதற்கு 2/9 என்று எழுதியிருந்தான்: மேலே இருப்பதை மேலே இருப்பதோடு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு. தனியே உட்காரவைத்துக் கேட்டபோது, 1/3 பெரிதா 1/6 பெரிதா என்பதற்கு, “சிக்ஸ்தான் பெருசு, அப்ப 1/6” என்றான். தொடக்கநிலை 2இல் ஊன்றியிருக்க வேண்டிய விஷயம்.

அவன் வகுப்பின் கால அட்டவணையைப் பார்த்தோம். வாரத்தில் மூன்று நாள் முதல் இரண்டு பாடவேளையும் கணிதம். அவன் தாமதமாக வந்த நாட்களும் பெரும்பாலும் அதே நாட்கள். புதிய கருத்தை ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவது பாடத்தின் முதல் இருபது நிமிடத்தில். அவன் வந்து உட்காரும்போது எல்லாரும் பயிற்சித்தாளைச் செய்துகொண்டிருப்பார்கள். வகுப்பாசிரியர் அவனைச் சோம்பேறி என்று நினைக்கவில்லை, ‘கணக்கு வராத பிள்ளை’ என்று நினைத்திருந்தார்.

அவனுடைய அம்மா பாதுகாவலராக இரவு வேலை பார்ப்பவர். மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. ஒரு நாள் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார், சீருடையைக்கூட மாற்றாமல்.

“டீச்சர், அடுத்த ஆள் வராம நான் போஸ்ட்ட விட்டுட்டு வர முடியாது. பஸ் பிடிச்சு வீடு வர்றதுக்கு ஏழரை, ஏழே முக்கால் ஆயிடும். சின்னவள தனியா விட்டுட்டு இவன் எப்படிப் பள்ளிக்கூடம் வருவான்?”

“சின்னவ எங்கம்மா படிக்கிறா?”

“கீழ புளோக்குலதான், பாலர் பள்ளி. ஏழு மணிக்கே திறந்துடும். ஆனா பெரியவங்க யாராச்சும் கொண்டுபோய் விட்டாத்தான் எடுத்துக்குவாங்க. இவனுக்குப் பத்து வயசு.”

தாமதத்துக்குக் காரணம் அவ்வளவுதான். ஒழுக்க ஆசிரியரின் பதிவேட்டில் அது ‘தாமதமாக எழுந்தார்’ என்று இருந்தது. வாசலில் நிற்கும் மாணவத் தலைவரிடம் பையன் சொன்ன காரணம் அது. வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கிறான்.

மற்ற நால்வரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மாணவிக்கு எண் கணக்கு வரும், பிரச்சினைக் கணக்கு வராது. என் வகுப்பிலும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் வரி தாண்டிப் போவாள். கற்றல் ஆதரவு அதிகாரியிடம் அனுப்பியதில் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று தெரிந்து, பின்னர் அது உறுதியானது. மலாய் படிக்கும் மாணவர் ஒருவரின் அப்பா அந்த ஆண்டில் நெடுநாள் மருத்துவமனையில் இருந்தார். வேறொரு மாணவி சில மாதங்களில் கிழக்கு வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்து பள்ளி மாறினாள். ஐந்தாமவர் பள்ளிக்கே சரிவர வராதவர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சனிக்கிழமை வகுப்பு கைவிடப்பட்டது. மேலே சொன்ன எண்ணிக்கைக் காரணம் ஒன்று. அந்தப் பையனைப் போன்றவர்கள் சனிக்கிழமை வரவே முடியாது என்பது இன்னொன்று. அம்மா தூங்கும் நேரத்தில் தங்கையைப் பார்த்துக்கொள்பவன் அவன். உதவி தேவைப்படாத பிள்ளைகள்தான் அந்த வகுப்புக்குத் தவறாமல் வந்திருப்பார்கள்.

சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளைப் பற்றி ஐந்து குடும்பங்களுக்கும் எடுத்துச் சொன்னோம். இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சியைப் பற்றிய கவலையில் 1991இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேம நிதி வழியாகப் பிடிக்கப்படும் சிறு தொகையில் நடப்பது. அதனால் சமூகத்துக்கான வகுப்பை அவர்கள் நடத்துவது பொருத்தம், பள்ளி இனம் பார்த்து வகுப்பு வைப்பது வேறு என்பது முதல்வரின் நிலைப்பாடு. எனக்கும் அதில் உடன்பாடு. ஐந்து குடும்பங்களில் இரண்டு, பிள்ளைகளைச் சேர்த்தன.

பள்ளிக்குள் செய்தது, பின்னத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்குவது. 2023 ஜனவரியில், இனம் பார்க்காமல், அந்த முப்பது பேரில் பின்னத்தில் தடுமாறியவர்களைத் தேர்ந்தெடுத்தோம். வாரத்தில் இரண்டு நாள், பள்ளி முடிந்த பிறகு. பள்ளி நேரம் 1.30க்கு முடிகிறது, பசியோடு யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குத் தொடங்கினோம். அதற்காக உணவகத்தில் ஒரு கடைக்காரர் கூடுதலாக அரை மணி நேரம் கடையைத் திறந்துவைத்தார். அவர் ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தால் இந்தத் திட்டமே நடந்திருக்காது என்று நினைக்கிறேன். பாடம் தொடங்கியது காகிதம் மடிப்பதில்: ஒரே அளவுள்ள இரண்டு தாள்களில் ஒன்றை மூன்றாக மடி, மற்றதை ஆறாக மடி, எந்தத் துண்டு பெரியது என்று வைத்துப் பார். ஒரு தந்தைக்கு இது பிடிக்கவில்லை. “அஞ்சாவது படிக்கிறவனுக்கு ரெண்டாவது பாடமா?” என்று கேட்டு மகனை நிறுத்திக்கொண்டார். அவர் தனியார் துணைப்பாடத்துக்கு அனுப்பக்கூடியவர், அனுப்பினார்.

கால அட்டவணையை மாற்றுவதில்தான் எதிர்ப்பு வந்தது. தொடக்கநிலை 5இல் கணித வகுப்புகள் திறன் அடிப்படையில் கலைத்து அமைக்கப்படுவதால், ஒரு வகுப்பின் கணித நேரத்தை நகர்த்தினால் எல்லா வகுப்பையும் நகர்த்த வேண்டும். காலையில்தான் பிள்ளைகளின் மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிலை முழுவதற்கும் தாமதப் பதிவை எடுத்துப் பார்த்தபோது, அடிக்கடி தாமதமாக வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த முப்பது பேருக்குள் இருந்தார்கள். முடிவில் நான்கு நாட்களில் கணிதம் இடைவேளைக்குப் பிறகு போனது; காலையில் தாய்மொழி வந்தது. அதாவது தாமதத்தின் சுமை என் பாடத்துக்கு மாறியது. அதை நான் ஒப்புக்கொண்டேன். பின்னத்தைத் தவறவிட்டால் அதன்மேல் விகிதமும் விழுக்காடும் ஏறி நிற்கும். தமிழில் ஒரு நாள் பாடத்தின் முதல் பதினைந்து நிமிடத்தைத் தவறவிட்டவனை மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.

பையனின் வீட்டுச் சிக்கலைத் தீர்த்தவர் அதே தாழ்வாரத்தில் குடியிருக்கும் ஒரு மலாய் மாக்சிக் (மலாயில் வயதில் மூத்த பெண்ணை அழைக்கும் சொல்). தன் பேரப்பிள்ளையை அதே பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர். குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் பாலர் பள்ளியோடு பேசி, தங்கையைக் கொண்டுவந்து விடுவதற்கு அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் மாக்சிக்கின் பெயரைச் சேர்த்தார். ஒரு படிவம், இரண்டு கையெழுத்து.

அடிப்படைநிலைக் கணிதமா?

இதற்கிடையே 2022 இறுதியிலேயே இன்னொரு முடிவு காத்திருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் வழக்கமான நிலையிலோ எளிதான அடிப்படைநிலையிலோ எடுக்கவிடும் பாட அடிப்படையிலான வகைப்பாடு 2008 முதல் நடப்பில் இருக்கிறது. தொடக்கநிலை 4 முடிவில் பள்ளி பரிந்துரைக்கும். பெற்றோர் படிவத்தில் தேர்ந்தெடுப்பார்கள். தொடக்கநிலை 5 முடிவில் பள்ளி மறுபடி பார்த்து, தேவையானால் மாற்றும். ஐவரில் மூவருக்குக் கணிதத்தை அடிப்படைநிலையில் எடுக்கப் பரிந்துரை போனது: அந்தப் பையன், டிஸ்லெக்சியா உள்ள மாணவி, பள்ளிக்குச் சரிவர வராதவர்.

பெற்றோர் கூட்டத்தில் தமிழில் விளக்க என்னை அழைத்தார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் நடப்புக்கு வந்த அடைவுநிலைக் கணக்கு பல பெற்றோருக்குக் குழப்பம் தருவது. வழக்கமான நிலையில், ஸ்டாண்டர்ட் என்பார்களே, அதில் 90ம் அதற்கு மேலும் என்றால் அடைவுநிலை 1, அதுவே உச்சம். கீழே வரவரப் படிகள் அகலமாகின்றன: 65 முதல் 74 வரை அடைவுநிலை 5, 45 முதல் 64 வரை 6, 20 முதல் 44 வரை 7. அடிப்படைநிலையில் 75ம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ. அது அடைவுநிலை 6க்குச் சமம். 30 முதல் 74 வரை பி. அது 7க்குச் சமம். ஆக அடிப்படைநிலையில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 6க்கு மேல் போக முடியாது. ஆனால் ஸ்டாண்டர்டில் 40 வாங்கிக்கொண்டு தத்தளிக்கும் பிள்ளைக்கும் கிடைப்பது 7தான்.

டிஸ்லெக்சியா உள்ள மாணவியின் பெற்றோர் அடிப்படைநிலையை ஏற்றார்கள். வாசிப்புச் சுமை குறையும், மீதி நேரம் வாசிப்புப் பயிற்சிக்குப் போகும் என்பது எங்கள் வாதம். அதையே அவர்களும் நினைத்திருந்தார்கள். பள்ளியில் நடக்கும் டிஸ்லெக்சியா ஆதரவுத் திட்டம் தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்கானது. அவள் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்தின் வகுப்பில் சேர்த்தார்கள்.

பையனின் அம்மா மறுத்தார். பள்ளியின் பரிந்துரை 38 என்ற மதிப்பெண்ணைப் பார்த்துச் செய்யப்பட்டது. அவர் வேறொன்றைச் சொன்னார். “பின்னத்த விட்டா மத்ததெல்லாம் போட்றான்ல, டீச்சர்? ஒரு வருஷம் பாப்போம். முடியலேன்னா நானே வந்து சொல்றேன்.” தேர்வுத்தாளைப் பார்த்து நாங்கள் கண்டறிந்ததை அவர் பையனை வீட்டில் பார்த்தே சொன்னார். கணிதத் துறைத் தலைவர் தம் பரிந்துரையை விலக்கிக்கொண்டார். மூன்றாவது குடும்பம் படிவத்தைத் திருப்பித் தரவில்லை, பரிந்துரைத்தபடியே நடந்தது.

2023: பட்டை உயர்ந்தது

ஆண்டின் நடுவில் பார்ப்பதற்கு எண் ஏதும் இல்லை. 2023 முதல் தொடக்கப்பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு கிடையாது. ஆகவே பின்ன வகுப்பில் நாங்களே சிறு சோதனைகள் வைத்துப் பார்த்தோம். மார்ச் விடுமுறைக்குள் பையன் பகுதியெண்ணைச் சமமாக்கிக் கூட்டத் தொடங்கிவிட்டான். தாமதம் முழுமையாக நிற்கவில்லை. மாக்சிக்குக் காய்ச்சல் என்றால் அன்று தாமதம். ஆனால் கணிதம் தப்பவில்லை.

ஆண்டு இறுதிக் கூட்டத்தில் அதே வரைபடம் வந்தது. தொடக்கநிலை 5இல் எல்லாருடைய மதிப்பெண்ணும் இறங்குவது வழக்கம்; அந்த ஆண்டும் இறங்கியது. ஆனால் நிலையின் சராசரிக்கும் இந்திய மாணவர்களின் சராசரிக்கும் இடையிலிருந்த ஏழு மதிப்பெண் இடைவெளி மூன்றுக்குக் கீழே வந்திருந்தது. கைதட்டல். இந்த முறை எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

துறைத் தலைவரும் நானும் மறுபடி தாளை எடுத்தோம். கிழக்கே குடிபெயர்ந்த மாணவி போன ஆண்டு 30களில் இருந்தவள். அவள் விட்டுச்சென்ற இடத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வு எழுதி, சென்னையிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்திருந்தார், கணிதத்தில் 92. பதினேழு பேரின் சராசரியில் இந்த ஓர் இடமாற்றம் மட்டுமே மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் தூக்கிவிடும். உயர்வில் பெரும்பகுதி இதனால் வந்தது. யாரும் கூடுதலாக ஒரு கணக்குக் கற்றுக்கொள்ளாமலேயே பட்டை அவ்வளவு உயர்ந்திருக்கும். கற்றவர்களும் இருந்தார்கள். பையன் 38லிருந்து 52க்கு வந்திருந்தான், அதுவும் கடினமான தாளில். மலாய் படிக்கும் மாணவரும் தேறியிருந்தார். அவருடைய அப்பா வீடு திரும்பிய பிறகு தானாகவே தேறினார், எங்கள் திட்டத்துக்கு அதில் பங்கு குறைவு. அந்தப் பட்டையில் இவையெல்லாம் ஒரே உயரமாகக் கரைந்திருந்தன.

இதை முதல்வரிடம் எழுதிக் கொடுத்தோம். கைதட்டிய பிறகு சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இருபதுக்குக் குறைவானவர்கள் கொண்ட எந்தப் பிரிவுக்கும் சராசரி காட்டுவதில்லை என்று அவர் அடுத்த ஆண்டு முதல் முடிவு செய்தார்.

2024: முடிவுகள்

2024 நவம்பரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வந்தன. முடிவுச் சீட்டில் அடைவுநிலை மட்டுமே இருக்கும், மதிப்பெண் இருக்காது.

பையனுக்குக் கணிதத்தில் 6, ஸ்டாண்டர்டில். ஆங்கிலத்தில் 6, அறிவியலில் 6, தமிழில் 5. மொத்தம் 23. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாட்டின்கீழ் அது, உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கான மூன்று குழுக்களில் நடுவிலுள்ள போஸ்டிங் குரூப் 2. பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் அவனுக்குக் கணிதத்தில் 61. 38 என்பது அடைவுநிலை 7, 61 என்பது 6. இருபத்துமூன்று மதிப்பெண் ஏறியதற்கு ஒரே ஒரு படி. அவன் 46இல் தொடங்கி 61க்கு வந்திருந்தால் அந்த ஒரு படியும் தெரிந்திருக்காது. கீழ்ப்பகுதியில் படிகள் அகலமாக இருப்பது பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. பலவீனமான பிள்ளைகளுக்கான திட்டம் ஒன்று பலித்ததா இல்லையா என்று பார்ப்பவர்களுக்கு அதுவே கண்ணைக் கட்டிவிடுகிறது.

டிஸ்லெக்சியா உள்ள மாணவி அடிப்படைநிலைக் கணிதத்தில் ஏ பெற்றாள். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் 7, தமிழில் 6. மொத்தம் 26, போஸ்டிங் குரூப் 1. கணிதத்தில் ஏ வாங்கியதால் உயர்நிலை 1இல் அந்தப் பாடத்தை, ஜி1க்கு அடுத்த மேல்படியான ஜி2 நிலையில் படிக்க அவளுக்குத் தகுதி கிடைத்தது. எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாமவருக்குக் கணிதத்தில் அடிப்படைநிலையிலேயே பி. மூன்று ஆண்டுகளில் அவருடைய வருகை மேம்படவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தோம், சமூக ஊழியரும் பார்த்தார். தாத்தா வீட்டில் சில நாள், அத்தை வீட்டில் சில நாள் என்று பிள்ளை அலைந்துகொண்டிருந்தது. காலையில் எந்த வீட்டிலிருந்து வருவார் என்பதே நிச்சயமில்லாதபோது கால அட்டவணையை மாற்றியது அவருக்கு எந்தப் பயனும் தரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

வாசிப்புச் சிக்கலைத் தொடக்கநிலை 4 முடிவில் கண்டறிவது மிகவும் தாமதம். அந்த மாணவியின் வாசிப்பைத் தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் தனித்தனியே பார்த்தன. தமிழில் தடுமாறினால் ‘வீட்டில் தமிழ் இல்லை’ என்ற விளக்கம் கைவசம் இருந்தது. இரண்டு மொழியிலும் வரி தாண்டிப் போகும் பிள்ளையைத் தொடக்கநிலை 2 முடிவதற்குள் கற்றல் ஆதரவு அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். அப்போதுதான் பள்ளியிலேயே நடக்கும் திட்டத்தில் இடம் கிடைக்கும்.

பிள்ளைகளைப் பற்றிய கலந்துரையாடலுக்குத் தாய்மொழி ஆசிரியர்களை அழைக்க வேண்டும். வகுப்பாசிரியர் ஒவ்வொருவரின் வகுப்பிலும் இந்தியப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர்தான். தமிழ் வகுப்பில் எல்லா வகுப்புகளிலிருந்தும் வந்து உட்காருகிறார்கள், அதுவும் பல ஆண்டுகளாக ஒரே ஆசிரியரிடம். குடும்பத்தில் நடப்பது அங்கேதான் முதலில் காதில் விழுகிறது. 2022க்கு முன்பு கணித முடிவுகளைப் பற்றிய கூட்டத்துக்குத் தமிழாசிரியரை அழைத்த நினைவு எனக்கில்லை.

வாசலில் எழுதும் தாமதக் காரணத்தை மாணவத் தலைவர் கேட்கக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் வீட்டுக் கதையைச் சொல்லாது. 2025 முதல் மூன்று முறைக்கு மேல் தாமதமானால் வகுப்பாசிரியரே தனியே கேட்கிறார். ஒவ்வொரு தவணையின் மூன்றாம் வாரத்தில் தாமதப் பதிவும் கணித மதிப்பெண்ணும் ஒரே தாளில் வகுப்பாசிரியருக்குப் போகின்றன.

கால அட்டவணை மட்டும் பழையபடி ஆகிவிட்டது. புதிய தொடக்கநிலை 5க்குக் காலையில் கணிதம் வேண்டும் என்று துறை கேட்டது, கொடுத்தார்கள். அடிக்கடி தாமதமாக வருபவர்களின் பட்டியலை வைத்து ஆண்டுதோறும் அட்டவணையைத் தீர்மானிக்க வேண்டும் என்ற எங்கள் பரிந்துரை துணை முதல்வரிடம் இருக்கிறது.